ரத்தத்துக்குள் சிவப்பு பெயிண்ட்

மந்தின்,
16.5.1999

சிங்கப்பூரில் நர்சு வேலை பார்க்கும் அன்பு மருமகள் பெர்னதெத்துக்கு, மாதா புண்ணியத்தில் சுகமாயிருக்கும் மாமன் யாகப்பன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை உன் அம்மாவின் கழுத்துக் கட்டிக்கு அந்தப் புது மருந்து முதல் ட்ரிப் ஏறிவிட்டது. கோலாலம்பூரில் டாக்டர் அமிர்தலிங்கம் என்னைத் தனியே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். உன் அம்மா ஐந்து நிமிடம் என்பாள். நான் மூன்றாம் வகுப்புதான், ஆனாலும் என் கேள்விகளில் மனிதர் ஆடிப்போய்விட்டார்.

நம் ரத்தத்தில் கொலைகார அணுக்கள் சுற்றுகின்றனவாம். 'நேச்சுரல் கில்லர்' என்று பெயர். யார் உத்தரவும் வேண்டாம், கெட்டது கண்ணில் பட்டால் அங்கேயே தீர்த்துவிடும். புற்று அணு திருட்டுப் பயல், நல்லவன் வேஷத்தில் தப்பிவிடுகிறான். இந்த மருந்து ஆன்டிபாடியாம். புற்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வாலை வெளியே நீட்டும். கொலைகாரன் அந்த வாலைப் பிடித்தால் போதும், வெறியேறி எதிராளி உடம்பில் ஓட்டை போட்டு ஆளை முடித்துவிடுவான். படம் காட்டினார். மேனி சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பட்டாளத்தை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோருக்குப் பயந்தேன்?

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நம் பாஷையில் விளக்கினேன். ரப்பர் மரத்தில் சிவப்பு பெயிண்ட் அடிப்போமே, வெட்டுகிற கும்பல் அதைப் பார்த்துத்தானே வெட்டும், அதேதான் என்றேன். அங்கேதான் காரியம் கெட்டது. பெயிண்ட் வாளி தூக்கியவள் அவள்.

"அண்ணே, ஒத்த மரத்துக்கா அடிச்சோம்? அடிச்ச ரப்பர் காடு முழுசும் போச்சு, இப்ப அந்த இடத்துல எண்ணெய்க்கு நட்ட செம்பனைதான் நிக்குது" என்றாள்.

ட்ரிப் ஏறும்போது குளிரும் காய்ச்சலும் வந்ததல்லவா, வெட்டு ஆரம்பித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். முதல் தடவை அப்படி வரும், அடுத்ததை மெதுவாக ஏற்றுவோம் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன். வரும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம். நான் சொல்வதில் பத்துக்கு ஒன்பது புளுகு என்பவள், இந்த ஒன்றை மட்டும் நம்பிவிட்டாள்.

இளங்காட்டில் சொத்தை மரத்துக்கு மட்டும் குறி போட்டு எடுப்போமே, மற்றது தழைக்க. அந்த மாதிரி என்று நீ சொல். நீ படித்தவள், உன் வாயால் கேட்டால் மறுக்க மாட்டாள். போனில் வேண்டாம், முகம் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். லீவு தரமாட்டேன் என்றால் மாமனுக்குச் சீரியஸ் என்று சொல்லிவிடு, எனக்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு இருப்பது ஒரே தங்கை. மாதா உன் கையைப் பிடித்து, வியாழக்கிழமை இருட்டுவதற்குள் உன்னை சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடட்டும். மத்தியானத்திலிருந்தே அங்கே நிற்பேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் தாய்மாமன்
யாகப்பன்