கோட்டுக்கு மேல் எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமையிலும் காக்கிச் சட்டையைக் கழற்றாத என் அண்ணாவுக்கு,

உன் வண்டி புகைந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை நீ அதற்குப் பிறகுதான் கேட்பாய்.

ஆடியில் நீ போனாய். காமாலை என்றார்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற ஒரு சிறிய பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேரில் ஒருவரிடமாவது கார் இருக்கலாம். அவருக்கும் பயன்படட்டும்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்ரீராம்புரத்தில் அன்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் சந்தனம். சைக்கிளுக்கு, தையல் மெஷினுக்கு, முனிசிபாலிட்டிக்காரர்களின் மண்வெட்டிக்கு. நம் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். வண்டிக்குப் பொட்டு வேண்டாம், பூசணிக்காய் வேண்டாம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வேண்டாம்.

"வண்டிகிட்ட யாரும் போவக் கூடாது," என்றாள்.

யாரும் போகவில்லை. அப்படித்தான் நான் நம்பினேன்.

அன்று நீ என்ன செய்வாய் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொட்டு வைப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறப்பாய். என்ஜினின் தலைமேல் வட்டமாக ஒரு தகர டப்பா. ஏர் கிளீனர். வெளிக்காற்று அதற்குள் நுழைந்து, அடிக்கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயை உரசி, கம்பி வலை வழியாக மேலே போகும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். சுத்தமான காற்று என்ஜினுக்குள் இறங்கும். நீ அதன் உச்சியில் இருக்கும் இரட்டைக் காதுத் திருகைக் கழற்றி, கிண்ணத்தின் கரிய சேற்றைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றுவாய். "இதான் வண்டிக்கு மூக்கு. நீ மூக்க மூடிக்கினு ஓடிப் பாரு, பிலாசபி," என்பாய். நான் பின் சீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஓடிப் பார்த்ததில்லை.

பூஜைக்கு மறுநாள் காதர் பாய் வண்டியை எடுத்தார். உன்னோடு பகலும் இரவும் மாற்றி மாற்றி டாக்ஸி ஓட்டிய காதர் பாய்தான். நீ போன பிறகு அவர் ஒருவரே ஓட்டி, வருவதில் பாதியை அண்ணியின் கையில் கொடுத்துவந்தார். அன்று வண்டி கிளம்ப மாட்டேன் என்றது. கிளம்பியதும் பின்னால் நீலமாகப் புகை. சந்து முழுக்கப் புகை. குழாயடியில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு ருக்கம்மாதான் முதலில் சொன்னாள். "இன்னாடி பவானி இது, பெட்ரோல் நாத்தமே இல்ல. உங்க வண்டி தோச சுடுதா?"

"எனக்கு ரெண்டு சொல்லு," என்றாள் குடத்தோடு நின்ற இன்னொருத்தி.

சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். உண்மையில் அப்படித்தான் மணத்தது.

பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. மல்லேஸ்வரம் ஏற்றத்தில் வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. சிட்டி ஸ்டேஷனில் ஏறிய சவாரி பாதி வழியில் இறங்கி, ஜட்காவில் ஏறிப் போய்விட்டார். சந்துமுனை கார் மேஸ்திரி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. புகையின் நிறத்தைப் பார்த்தார்.

"என்ஜின் ரிங்கு போச்சு. சிலிண்டர் போர் தேஞ்சிருக்கும். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்டு. எடைக்குப் போட்டுடுங்க."

வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அங்கேயே நின்றது.

செய்தி எப்படியோ அண்ணியின் பிறந்த வீட்டுக்கு, குடியாத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரக் கடைசியில் அண்ணியின் அண்ணன் வந்துவிட்டார். உனக்குத் தெரியும், கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவரிடம் சண்டை போட முடியவில்லை. அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அந்த வண்டிதான் இத்தன நாளு இவங்கள இங்க வெச்சிருந்துது. அதுவும் போச்சுன்னா, கமலா இங்க இருந்து இன்னா பண்ணும்? கொழந்தையயும் அதயும் நான் கூட்டிக்கினு போறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணிதான் பதில் சொன்னாள்.

"ஒருத்தர் செத்தது போதும்ணா. வண்டி இன்னும் சாவல."

"பொகையறத நீ பாத்தியா இல்லியா? திங்கக்கெழம காலைல ரயிலு. துணிய எடுத்து வை."

அண்ணி டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தாள். அதற்குள் ஒரு துணியும் வைக்கவில்லை. வெறும் பெட்டி, வாயைத் திறந்தபடி. இரண்டு நாளும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

ஒரு வீடு எந்த நிமிஷத்தில் வீடாக இல்லாமல் போகிறது? வகுப்பில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் நன்றாக எழுதுவேன். பெட்டியின் பக்கத்தில் நின்றபோது ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு பிடிவாதம். இந்தப் பெட்டி மூட வேண்டும். காலியாகவே மூட வேண்டும்.

சனிக்கிழமை மாலை காதர் பாயிடம் கேட்டேன். "தேஞ்ச என்ஜின் எந்த எண்ணெயக் குடிக்கும் பாய்?"

"இன்னா கேள்வி தங்கச்சி இது? என்ஜின் ஆயில்தான் குடிக்கும்."

"அப்ப தோச வாசன எங்கேருந்து வருது?"

பாய் பீடியை வாயிலிருந்து எடுத்தார். நான் விடவில்லை. என்ஜின் ஆயில் இல்லாத ஏதோ ஒன்று உள்ளே எரிகிறது. அது பெட்ரோல் வழியாக வரவில்லை. அப்படியென்றால் காற்று வழியாகத்தான் வர வேண்டும்.

"ஏர் கிளீனரத் தொறந்து பாத்தீங்களா?"

"அத வுடு. அது கிளீனா கீது."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும்மா."

எதையும் சாவகாசமாகச் சொல்கிற மனிதர், இதை அவசரமாகச் சொன்னார். அது எனக்கு உறுத்தியது.

ஞாயிறு காலை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே பானெட்டைத் திறந்தேன். சந்து வேடிக்கை பார்த்தது.

"காலேஜு பொண்ணு காருக்குள்ள பூந்து இன்னா தேடுது?" என்றாள் ருக்கம்மா.

"தோசக்கல்ல," என்றேன்.

திருகு இறுகியிருந்தது. துணி சுற்றித் திருப்பினேன். டப்பாவைத் தூக்கியபோதே தெரிந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகக் கனம். மூடியையும் கம்பி வலையையும் எடுத்தேன். கிண்ணத்தின் உட்சுவரில், எண்ணெய் இதுவரைக்கும்தான் என்று ஒரு கோடு இருக்குமே, அந்தக் கோட்டைக் காணவில்லை. எண்ணெய் அதை மூழ்கடித்து மேலே நின்றது. மேலே ஒரு சின்னத் திரித்துண்டு மிதந்தது. விரலை விட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

ரிங் போகவில்லை, அண்ணா. உன் வண்டிக்குப் புரையேறியிருந்தது. காற்றை இழுக்கும்போதெல்லாம் எண்ணெயையும் சேர்த்து இழுத்து, இழுத்ததை எரித்துப் புகையாக விட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கூடத்துக்குள் கொண்டுபோய், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணியின் அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் பின்னாலேயே வந்த பாய் வாசற்படியில் நின்றார்.

"இதுல யாரு எண்ணெ ஊத்துனது?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கித் தரையில் போட்டாள்.

"நான்தான்," என்றாள் அண்ணி. "பூஜையன்னிக்கு விடியக்காலைல. அவரு கேன்ல இருந்து."

"கோடு பாத்தீங்களா அண்ணி?"

"இருட்டுல இன்னா கோடு தெரியும்? வருஷா வருஷம் அவரு ஊத்துவாரு. இந்த வருஷம் யாருமே ஊத்தலன்னா..."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே, நா பூஜைக்கு மொத நாளே ஊத்திட்டனே மா. கழுவி, கரெக்டா கோட்டுக்கு. கோவிந்து இருந்தா பண்ணியிருப்பான்ல? அம்மா எதுவும் வேணாம்னு சொல்லிடுச்சி. அதான் மூச்சு வுடல."

சரி. அது என்ஜின் ஆயில். அதற்கு மேலும் என்ஜின் ஆயில். நல்லெண்ணெய்?

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா என்னயே பாக்கறீங்க? வண்டிகிட்ட போவாதீங்கன்னு நான்தான சொன்னேன். நான் போவக் கூடாதுன்னு உங்கள்ல யாராச்சும் சொன்னீங்களா?"

ஒருவரும் சொல்லவில்லைதான்.

"வெளக்குல இருந்தத எடுத்தாந்து ஊத்துனேன். ஊரு வண்டியெல்லாம் பொட்டு வெச்சிக்கினு நிக்குது. எம் புள்ள வண்டி மட்டும் வெறும் வயித்தோட நிக்கணுமா?"

முதலில் சிரித்தது அண்ணியின் அண்ணன். காபி சட்டையில் சிந்தியது. அப்புறம் பாய். அப்புறம் நான். கடைசியில் அண்ணி சிரித்தாள், அண்ணா. நீ போன பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை.

ஒரே கிண்ணம். மூன்று பேர். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. நான் ஊற்றவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிறகு வேலை. கிண்ணத்தை ஒரு பழைய டப்பாவில் கவிழ்த்தோம். அடியில் பசைபோல் ஒட்டியிருந்ததை வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தோம். கம்பி வலையை முக்கி முக்கி அலசி, உதறி, வெயிலில் வைத்தோம். பாய் பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். வலை காய்ந்த பிறகு அண்ணி உன் கேனை எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். அவள் ஊற்ற, நான் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

"போதும் அண்ணி."

"இன்னும் துளி வுடேன்," என்றாள் அம்மா.

"போதும்மா."

அண்ணி கேனை நிமிர்த்தினாள். கோடு தெரிந்தது.

முதலில் புகைதான் வந்தது. உள்ளே குடித்து வைத்திருந்த மிச்சம். பாய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. புகை நீலத்திலிருந்து வெளுத்தது. வெளுத்து, மெலிந்து, நின்றது. ருக்கம்மா வாசலுக்கு வந்து மோந்து பார்த்துவிட்டு, "அடுப்ப அணைச்சிட்டாங்க," என்று சந்துக்கே அறிவித்தாள்.

"ஏறுங்க," என்றாள் அண்ணி, தன் அண்ணனைப் பார்த்து. அவர் முன்னால் ஏறினார். குழந்தையோடு அண்ணியும் நானும் பின்னால். அம்மா வரமாட்டேன் என்றாள். சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

இத்தனை பாரத்தோடு மல்லேஸ்வரம் ஏற்றம். பாய் இரண்டாவது கியரைப் போட்டார். அண்ணி குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் அண்ணன் திரும்பித் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பின்னால் ரோடு தெரிந்தது. ரோடு மட்டும்.

உச்சியில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின்னால் போனார். வேட்டியை மடித்துக்கொண்டு, குனிந்து, சைலன்சர் பக்கம் முகர்ந்தார். திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் மட்டும் போறேன் கமலா."

"ஸ்டேஷனுக்கு இதுலயே போயிடுங்கண்ணா," என்றாள் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மூடினாள். சத்தம் கேட்கும்படி மூடினாள்.

மற்ற செய்திகள். தான் அப்போதே நினைத்ததாக மேஸ்திரி சொல்லிக்கொண்டு திரிகிறார். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. ஹார்ன் அடித்தால் அழுகையை நிறுத்துகிறது. அண்ணி வண்டி ஓட்டப் பழகுகிறாள். காலையில் மைதானத்தில் பாய் சொல்லிக்கொடுக்கிறார். "கியரப் போடச் சொன்னா வண்டிகிட்ட மன்னிப்பு கேக்குது தங்கச்சி," என்று என்னிடம் புகார். பொம்பளை டாக்ஸி ஓட்டினால் யார் ஏறுவார்கள் என்று சந்தில் கேட்கிறார்கள். நான் ஏறுவேன். ருக்கம்மாவும் ஏறுவாளாம், தோசை வாசனை வராது என்றால்.

அந்தப் பழைய எண்ணெயைக் கொட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. துணியில் வடிகட்டி, வாசற்கதவின் கீல்களுக்கு விட்டாள். நீ சவாரி முடிந்து வரும்போது கீச்சென்று கத்துமே, அந்தக் கதவு. இப்போது சத்தமே இல்லை. அம்மா ஒரு நாள் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். "இப்ப அவன் வந்தா எப்படித் தெரியும்?" என்றாள். அவள் யாரைக் கேட்டாள்?

அண்ணா, இதுதான் நான் சொல்ல வந்தது. வாரம் ஒரு தரம் அந்தத் திருகைக் கழற்றுவேன். செம்மண் ரோட்டில் போய்வந்த நாளென்றால் அன்றைக்கே கழற்றுவேன். சேறு அடியில் ஒரு விரல்கனம் ஏறும்வரை காத்திருக்க மாட்டேன். பரீட்சை வந்தாலும், மழை பெய்தாலும், எனக்கு ஒன்றும் பிடிக்காமல் போகிற நாட்களிலும். எண்ணெய் ஊற்றுவது அண்ணியின் கை மட்டும். கோட்டைப் பார்ப்பது என் கண். அம்மா "இன்னும் துளி" என்று சொல்லட்டும். சொல்வதற்கு ஆள் வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் வருஷம் திரும்பியிருக்கும். அன்று பட்டப்பகலில், வாசலில், சந்தே பார்க்கப் பானெட்டைத் திறப்போம். யாரும் யாருக்கும் ஒளித்து ஊற்ற வேண்டியிருக்காது. ஸ்டீயரிங்கில் அண்ணி இருப்பாள். எலுமிச்சம்பழத்தின் மேல் அவள்தான் வண்டியை ஏற்றுவாள்.

கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் பிலாசபித் தங்கச்சி,
பவானி