சுவருக்கு இந்தப் பக்கம் துணி

என் அருமை ஷகிலா,

உன் மகள் பர்வீனுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். ஷூ தைக்கும் வேலைக்கென்று அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் பயிற்சி நிலையத்தில் சேர்த்து, கடைசிவரை துணியிலேயே தைக்க வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோலை அவள் தொடவே இல்லை. அதுவும் தோலுக்கே பேர்போன ஆம்பூரில், ஷகிலா!

பக்கத்துக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். தைத்துக் காட்டச் சொன்னார்கள். தையல் கொஞ்சம் கோணிவிட்டது. துணியில் செய்வதுபோலவே நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். தோலில் ஊசி குத்திய ஓட்டை மூடுமா?

"இன்னாம்மா, ட்ரெயினிங் எடுத்தேன்னு சொன்னே?" என்று சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கேட்டாராம். இப்போது பேரணாம்பட்டு வீட்டில் பீடி சுற்றுகிறாள். "எனக்குக் கை வராது பெரியம்மா, வுட்டுடுங்க" என்கிறாள். உன் மகளுக்கா கை வராது?

நாம் தைக்கப் பழகியது நினைவிருக்கிறதா? கம்பெனி பஸ்ஸில் உன் டிபன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாய். சாப்பாட்டு நேரத்தில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஆளில்லாத மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். நீ முதலில் தைத்த துண்டு ஓட்டை ஓட்டையாக இருந்தது. "அக்கா, இதுல டீ வடிகட்டலாம்" என்று நீயே சிரித்தாய். உன் குஸ்காவும் என் புளிசாதமும் ஆறிப்போகும். கழுவினாலும் கையைவிட்டுப் போகாத அந்த வாசனையை அப்போது திட்டினோம். வேலையை விட்ட பிறகு என் கையில் சோப்பு மட்டும்தான் மணக்கிறது.

போன வாரம் பயிற்சி நிலையத்தில் அதிகாரியும் அந்தப் பக்கத்துக் கம்பெனி மேனேஜரும் பேச உட்கார்ந்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன்.

"தோல் கம்பெனிதான் தரணும்" என்றார் அதிகாரி.

"யாரும் கேக்கலையே சார்" என்றார் மேனேஜர்.

இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் கழிவுத் தோல் மலைபோல் கிடக்கிறது. அதைத்தான் சொன்னேன். மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யார் சார்பா வந்திருக்கீங்கம்மா?"

"ஷகிலா சார்பா."

"அவங்களே வந்திருக்கலாமே?"

"வந்திருப்பா. போய் சேர்ந்துட்டா. அதான் நான் வந்தேன்."

பிறகு டீ வந்தது. "பாக்கலாம்மா" என்றார்கள். நான் டீயைத் தொடவில்லை. நீயாக இருந்தால் குடித்துவிட்டுச் சண்டையைத் தொடர்ந்திருப்பாய், இல்லையா?

அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நடக்க வேண்டியதை உனக்கு எழுதிவிடுகிறேன். மிஞ்சும் தோலைக் கம்பெனி சுவர் தாண்டி அனுப்ப வேண்டும். தேர்வைத் தோலிலேயே நடத்த அதிகாரி உத்தரவு வாங்க வேண்டும். வேலை கேட்டு வந்தபின் குறை சொல்வதை விட்டு, பாடம் நடக்கும்போதே சூப்பர்வைசர் வந்து சொல்லித்தர வேண்டும். துணியோடு திருப்பி அனுப்பிய பெண்களை இரண்டு தரப்பும் சேர்ந்து மறுபடி கூப்பிட வேண்டும். பர்வீன் பீடி முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அவள் பயிற்சிக்குப் போகும் பஸ்ஸில் கூடவே போய் இடம் பிடிக்க வேண்டியது நான். என் டிபன் பையைப் போட்டு வைப்பேன். யார் கேட்டாலும் எடுக்கமாட்டேன்.

பர்வீனின் பெரியம்மா,
உன் கன்னியக்கா