பெடலில் வைத்த கால்

தங்கச்சிக்கு,

மயூரி சோதனை எழுதிக் கிராமர் ஸ்கூலுக்கு எடுபட்டுவிட்டாள். ஸ்ட்ரெதமில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பிள்ளைகளை ரியூஷன் ரியூஷன் என்று கொண்டு திரிந்தார்கள், எடுபட்டது இவள். கஜன் வயலினில் மூன்றாம் கிரேட் பாஸ். சின்னவன் நீச்சலில் பதக்கம் வாங்கி, அதைக் கழுத்தில் போட்டபடியே படுக்கிறான். கோயில் விழாவில் மூன்று பேரப்பிள்ளைகளின் பெயரையும் மைக்கில் வாசித்தார்கள். நான் முன்வரிசையில்தான் இருந்தேன்.

இவ்வளவும் எழுதி, வழமைபோல் உன்னுடைய புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு என்று முடிக்க வந்த கை நின்றுவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு ஒரு மார்கழியும் கடந்துவிட்டது. கனடாவில் தம்பி வீட்டிலிருந்து இனி எந்தப் படமும் வராது.

ஆனாலும் இன்றைக்கு உனக்குத்தான் எழுத வேண்டும். என் சேலையில் பெற்றோல் மணக்கிறது. நேற்றுக் கட்டிய சேலை. இன்னும் தோய்க்கப் போடவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் ஏன் புதுப் படம் கேட்டேன் என்று நீ யோசித்திருப்பாய். அக்காவுக்குப் பாசம் என்று நினைத்திருப்பாய். எங்கள் ஹோலில் ரீவிக்கு மேலே ஒரு படம் இருக்கிறதே, என் மகன் சுதனின் காரில் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் நீ இருந்து சிரிக்கிற படம். அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கத்தான் கேட்டேன். அந்தப் படத்தின் ஓரத்தில் கற்பூரத் தட்டோடு நிற்பது நான். என் முகம் பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

தொண்ணூற்றொன்று என்று நினைக்கிறேன். அமெரிக்காவிலிருந்து அந்த எஞ்சின் மரப்பெட்டியில் வந்து இறங்கிய நாள். பஸ் டிப்போவில் இரவும் பகலும் ஓவர்ரைம் செய்து வாங்கினான் என் மகன். பூட்டி முடித்து, அப்படியே காரில் இறக்குகிற மாதிரி வந்த எஞ்சின். எட்டு சிலிண்டர், நானூறுக்கு மேலே குதிரைவலு. பிக் பிளாக் என்று அவன் சொல்லும்போது, மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளையை "டொக்டர்" என்று சொல்லும்போது வருகிற முகம் அவனுக்கு வந்தது. நான்கு சிநேகிதர்கள் சேர்ந்து பின் ஒழுங்கையில் இருந்த கராஜுக்குள் தள்ளினார்கள். மூடியைக் கழற்றியதும் புது மரமும் எண்ணெயும் கலந்து ஒரு வாசம் வந்தது. நான் விபூதி எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வரும்போது நீ அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய். என் மகன் உனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அவன் அப்படி ஒன்றும் காட்டியதில்லை. கேட்டால், "உங்களுக்கு விளங்காது அம்மா" என்பான். உனக்கு மட்டும் விளங்குமாம். நீயும் என்னைப்போல ஐந்தாம் வகுப்புத்தான்.

நீ எங்களோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து பின் அறையில் இருந்து கோட்டுகளுக்கு உள்துணி தைத்தாய். கொம்பனிக்காரன் கொண்டுவந்து போடுவான், நீ மெஷினில் இருப்பாய். நான் கதவடியில் நின்று மருமகளைப் பற்றியும் ஊரைப் பற்றியும் முறையிடுவேன். "கதையுங்கோ அக்கா, காலுக்குக் காது இல்லை" என்பாய். மெஷின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலைத்தான் சுதன் பார்த்துவைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

எஞ்சினைக் காரில் பூட்டி முதல் ஸ்ராட் எடுக்கிற நாளுக்கு நேரம் பார்த்தது நான். நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்தது நான். கற்பூரம், தேங்காய், பூ, எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு, பெற்ற தாய் நிற்கிறேன். அவன் கார்த் திறப்பைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தான்.

"சின்னம்மா, நீங்கள் ஏறுங்கோ. உங்கட கால்தான் வேணும்."

புது எஞ்சினை முதன்முதல் ஓடவிடும்போது இருபது நிமிடம் வேகம் இறங்கக் கூடாதாம். இறங்கினால் உள்ளே தண்டுக்கு எண்ணெய் காணாமல், அது தேய்ந்து, எஞ்சினே பழுதாகிவிடுமாம். டயலில் ஊசி இரண்டில் நிற்க வேண்டும், அசையக் கூடாது என்றான். நீ உள்துணி வெட்டுத் துண்டுகளில் தைத்த குஷனை எடுத்துக்கொண்டு போய், அதைப் போட்டு, ஏறி இருந்தாய். நீ ஆள் கட்டை. எனக்குக் குஷன் தேவைப்பட்டிருக்காது.

அந்தச் சத்தம். ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பெனியனோடு வந்து, சண்டைக்கு என்று நினைத்தேன், கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார். நான் கற்பூரத்தைக் கொளுத்தி, தீபம் காட்ட எஞ்சினை ஒருக்கா நிற்பாட்டச் சொன்னேன். திறந்த பொனற்றுக்குப் பின்னாலிருந்து அவன் கையை மட்டும் நீட்டி வேண்டாம் என்று ஆட்டினான். கற்பூரம் எரிந்து அணைந்தது. தட்டோடு அப்படியே நின்றேன். அப்போதுதான் மருமகள் படம் எடுத்தாள்.

இறங்கும்போது நீ கெண்டைக்காலைத் தடவி, "கால் விறைச்சுப் போச்சு அக்கா" என்று சிரித்தாய். நான் தட்டோடு உள்ளே போனேன். அன்றிலிருந்து என் பொறாமை எல்லாம் உன் காலில். பெற்றது நான், கால் உன்னுடையது என்று நினைத்து என்னை ஆற்றிக்கொள்வேன். கால் தேவைப்பட்டது, கேட்டான், அவ்வளவுதான். நீ கனடா போகும் நாளில் ஹீத்ரோவில் அவன் அழுதபோதுகூட இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நேற்றைக் கேள். இந்தக் குளிருக்கு அவன் அந்த எஞ்சினைக் கழற்றி, உள்ளே தண்டும் மற்றதுகளும் புதிதாகப் போட்டான். மறுபடியும் முதல் ஸ்ராட், மறுபடியும் இருபது நிமிடம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கராஜுக்குப் போனேன். "சின்னம்மா இல்லை. நான் பிடிக்கிறன்" என்றேன்.

அவன் துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தான். "கால் தேவையில்லை அம்மா. இதில ஒரு ஸ்குரூ இருக்கு. திருகிவிட்டால் வேகம் அப்படியே நிக்கும்."

"அப்ப அண்டைக்கு?"

"அண்டைக்கும் ஸ்குரூவிலதான் ஓடினது." அவன் என்னைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். "அவ ஒரு நாளும் சும்மா இருக்க மாட்டா. காரில இருங்கோ எண்டால் வரமாட்டா. வேலை எண்டு சொன்னால்தான் இருப்பா."

தங்கச்சி, எட்டு வருஷம் நான் உன் காலுக்குப் பொறாமைப்பட்டேன். கால் ஒன்றுமில்லையாம். உன்னை அதில் இருத்திப் பார்க்கத்தான் ஆசைப்பட்டானாம். இதைக் கேட்டால் நெஞ்சு ஆறும் என்று நினைப்பாயா? காலுக்காக என்றால் நான் பொறுத்திருப்பேன்.

திரும்பி வீட்டுக்குள் போக வெளிக்கிட்டேன். கதவடியில் வைத்து அவன் கூப்பிட்டான்.

"அம்மா, ஏறி இருங்கோவன். ஒருவேளை ஸ்குரூ இளகினால், ஆள் இருந்தால் நல்லது."

உன் குஷன் இன்னும் சீற்றில்தான் கிடக்கிறது. அதில் இருந்தேன், தலை கூரையில் முட்டியது, குஷனை எடுக்கவில்லை. திறப்பைத் திருப்பினேன். அதே சத்தம். அவன் பொனற்றுக்குப் பின்னால் மறைந்துபோனான். ஊசி இரண்டில் வந்து நின்றது. காலைப் பெடலில் வைத்தேன். பெடல் காலுக்குக் கீழே லூசாகக் கிடந்தது, இழுவை இல்லை. எஞ்சின் தன்பாட்டில் ஓடுகிறது.

எனக்கே தெரிந்தது. வருஷக்கணக்காய் மெஷினில் கால் வைத்திருந்த உனக்கு அன்றைக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு இருபது நிமிடமும் காலை எடுக்காமல் இருந்திருக்கிறாய். அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

நானும் எடுக்கவில்லை. முழங்கால் உளைந்தது, எடுக்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டியதும் அவன் வந்து கதவைத் திறந்து, "காணும் அம்மா, இனி இறங்குங்கோ" என்றான். அவன் தோளைப் பிடித்து இறங்கி, "கால் விறைச்சுப் போச்சு" என்றேன்.

மயூரி படம் எடுத்திருக்கிறாள். கழுவி வந்ததும் ரீவிக்கு மேலே உன் படத்துக்குப் பக்கத்தில் வைப்பாளாம். வைக்கட்டும். இந்தப் படத்தில் என் முகம் முழுசாக இருக்கும். ஆனாலும் முதலில் ஏறினது நீதான்.