பாரியின் தாடியில் திருநீறு

ஒனிஹங்கா, ஆக்லாந்து
4.5.1986

அன்புள்ள மாமிக்கு ரதிதேவி எழுதுவது.

உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஒரு சந்தோஷமான செய்தி இருக்கிறது. இவர் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

இவரைத் தொழிற்சாலையின் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் பாரி மான் வேட்டைக்குக் கூட்டிப்போவது உங்களுக்குத் தெரியும். வீட்டில் வாய் திறக்காத மனிதர், காட்டுக்குப் போய்வரும் நாட்களில்தான் முகம் தெளிந்து நாலு வார்த்தை பேசுவார். ஆனால் போனபோதெல்லாம் மான்கள் மணம் பிடித்து ஓடிவிட்டன. "தவா காரை விட்டு இறங்கமுன்னமே மானுக்குக் கறி மணந்துவிடும்" என்று வேலையிடத்தில் இவரை வைத்து ஒரே பகிடியாம். இனிப் போகவே மாட்டேன் என்றுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. அதையும் விட்டால் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இரசாயனத்தில் பட்டம் எடுத்தவளுக்கு ஒரு மணத்தை நீக்கத் தெரியாதா? ஒரு கிழமை கறியில் உள்ளியும் இல்லை, தூளும் இல்லை. தலைக்கு எண்ணெய் இல்லை. உடுப்புகளை அப்பச்சோடாவில் தோய்த்து, வெளிக்காற்றில் உலர்த்தி, பைன் இலைகளோடு பையில் கட்டிவைத்தேன். "என்னை அவிக்கப் போறீரோ, ஊறுகாய் போடப் போறீரோ?" என்று கேட்டார்.

பாரி என்னையும் வரச் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகச் செய்தவள், விடியப்புறம் வெளிக்கிடும்போது கை பழக்கத்தில் இவருடைய நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டேன். சந்தனமும் கற்பூரமும் கலந்த திருநீறு! காட்டுக்குள் போய்ப் பதுங்கிய பிறகுதான் எனக்கே அது மணந்தது. அவசரமாகக் கைலேஞ்சியால் துடைத்து உதறினேன். திருநீறு நேரே பறந்து, முன்னால் குந்தியிருந்து சத்தத்துக்குத் திரும்பிய பாரியின் சிவந்த தாடியிலும் மூக்கிலும் படிந்தது. அப்போதுதான் கண்டேன், காற்று திரும்பி எங்களிடமிருந்து மான் வரும் பக்கம் வீசுகிறது. பாரியிடம் 'குட் மோர்னிங்'குக்கு மேல் பேசியறியாத நான், அவருடைய கையைப் பிடித்து இழுத்துக் காற்றைக் காட்டினேன். "கெட்டிக்காரி" என்று முணுமுணுத்து, எங்களைச் சுற்றுவழியாக மறுபக்கம் கூட்டிப்போனார்.

மான் வந்தது, மாமி. பனியில் மூக்கு மினுங்க, எங்கள் மணமே தெரியாமல் நின்றது. பாரி துவக்கை மெல்ல உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து இவர் பாரியைத் திரும்பிப் பார்த்தார். தாடியும் மூக்கும் வெள்ளையாக, தேர் பார்க்க வந்த அடியார் மாதிரி இருந்தார் அந்த மனிதர். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். காடே அதிர்ந்தது. மான் போயே போய்விட்டது.

பாரி துவக்கைக் கீழே வைத்துவிட்டு, "மணத்துக்கு மருந்து கண்டுபிடித்தாய், இந்தச் சிரிப்புக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று என்னைக் கேட்டுத் தானும் சிரித்தார். வருகிற சனிக்கிழமையும் போகிறோம்.

கலியாணம் முடித்து இரண்டு வருஷம். இவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மாமி, ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். எண்பத்து மூன்று கலவரத்தில் இவருடைய தம்பி ஆனந்தராசாவின் உயிர் போனபிறகு நீங்கள் கடிதங்களில் அவருடைய பெயரை எழுதுவதில்லை. இவரும் சொல்வதில்லை. அடுத்த கடிதத்தில் தம்பி சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்றை எழுதுங்கள். இவர் வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் ஆசியை வேண்டும் மருமகள்,
ரதிதேவி