தோன் அலிக்கு மோட்டார் கிடையாது

மினிக்காய்,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்.

கடலில் இருக்கும் என் இத்ரீஸுக்குக் கரையிலிருந்து ஹவ்வா சொல்லும் ஸலாம். இங்கே நாங்கள் நலம். மகளுக்கு வந்த காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கிவிட்டது. மேற்குப் பக்கத்துக் கூரையை மழைக்கு முன்பே மாற்றிவிட்டேன். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சமையல் கொட்டகையில் கிடக்கும் பழைய மோட்டாரையும் சின்னப் படகையும் அண்ணனுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள். கோபப்படாமல் படியுங்கள். கொடுக்கவில்லை.

உங்கள் அண்ணனுக்கும் நீங்கள் எழுதியிருப்பீர்கள் போல. கடிதம் வந்த அன்றே தோன் அலி மச்சான் ஒரு கயிற்றோடு வாசலில் நின்றார். “ரெண்டு வருஷமா செத்துக் கெடக்குற மோட்டாரு. ஆம்பளை இல்லாத வீட்டுல எதுக்கு?” என்றார். “செத்ததுன்னா உங்களுக்கு மட்டும் எதுக்கு மச்சான்?” என்று கேட்டுவிட்டேன். குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வர்ற வெள்ளிக்கெழமை வரைக்கும் வெச்சுக்க. ஓட்டிக் காட்டு. ஓடலைன்னா நானே தூக்கிட்டுப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். சின்னத்தீவில் இருக்கும் நம் பங்குத் தேங்காயை எடுத்துவர நான் ஒவ்வொரு முறையும் அவர் படகில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. பாதிக் காய் அவர் வாசலில் இறங்கிய பிறகுதான் மீதி நம் வாசலுக்கு வரும். தூரத்தில் இருப்பவரை எதற்கு வருத்த வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மோட்டாரை மாமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் பிரித்தேன். ஸ்பேனர் கொடுத்தது யார் தெரியுமா? உங்கள் அண்ணன் மனைவி ஸலீகாதான். அவர் பெட்டியிலிருந்தே எடுத்து வந்தாள். இதை அவருக்கு எழுதிவிடாதீர்கள். பிளக் கரியாய்க் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, தீப்பொறி வருகிறதா என்று பார்க்க அதை மோட்டார்த் தலையில் அழுத்திப் பிடிக்கும்படி ஸலீகாவிடம் சொன்னேன். அவள் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்துவிட்டாள். நான் கயிற்றை இழுத்ததும் ஒரு முழம் துள்ளி மணலில் உட்கார்ந்தவள், “அடிப்பாவி, இதுவா செத்துப்போச்சு? என்னைக் கொல்லப் பாக்குதே!” என்று கத்தினாள். மின்சாரத்தில் குறையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அப்படியென்றால் கோளாறு பெட்ரோலில்தான். நீங்கள் போகும்போது டேங்கைக் காலி செய்யாமலே போயிருக்கிறீர்கள். உள்ளே பிசின் மாதிரி மஞ்சளாய்ப் படிந்திருந்தது. கார்புரேட்டரைக் கழற்றினேன். அதிலிருக்கும் பித்தளைத் துண்டின் கண்துளை முழுக்க அடைத்திருந்தது. ஈர்க்குச்சி நுழையவில்லை. பழைய மின்கம்பியிலிருந்து ஒற்றை இழையை உருவி, அரை நாள் உட்கார்ந்து குத்தி, ஊதி, மறுபடி குத்தினேன். கடைசியில் வெயிலுக்கு நேரே பிடித்தபோது அந்தத் துளை வழியே வானம் தெரிந்தது. இத்ரீஸ், அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

புதன்கிழமை புதுப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, மோட்டாரின் வாலைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி இழுத்தேன். ஒன்பதாவது இழுப்பில் பிடித்தது! பத்து மூச்சு விடும் நேரம் ஓடிவிட்டு நின்றது. ஒவ்வொரு முறையும் அப்படியேதான். வியாழன் காலையில் அலுத்துப்போய் டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் மேலிருக்கும் சின்னத் திருகை யாரோ இறுக்கி வைத்திருக்கிறார்கள். காற்றுப் போக வழி இல்லாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? அதைக் கடைசியாக மூடிவிட்டுக் கப்பல் ஏறிய அந்த யாரோ யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன், மோட்டார் முழங்கியது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீரும் பக்கத்துத் துளையிலிருந்து நூல் பிடித்தாற்போலப் பீச்சியது. பெண்கள் கைதட்டினார்கள். ஆனால் படகு நின்ற இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

உங்கள் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெறுமனே சத்தம் போட மோட்டார் எதுக்குடி? நீயே போதுமே!” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மோட்டாரை நிறுத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி விசிறியைத் தொட்டால், அது கையோடு சுற்றுகிறது. தண்டோடு அதைச் சேர்க்கிற சின்ன ஊசி முறிந்திருக்கிறது. எதிலாவது இடித்தால்தான் அது முறியும். பவளப்பாறையில் இடித்ததை என்னிடம் சொல்லாமலே கப்பல் ஏறிவிட்டீர்கள்!

படகு கட்டும் கொட்டகைக்கு ஓடினேன். இரும்பாணி போட்டால் அடுத்த இடியில் ஆணி முறியாது, உள்ளிருக்கும் பல்சக்கரம்தான் உடையும். அதனால் படகுக்கு அடிக்கும் செம்பாணி ஒன்று கேட்டு வாங்கி, அளவுக்கு வெட்டிச் செருகினேன். “பொழுது சாயுது, போதும் விடு” என்றார் மச்சான். “இன்னும் வெள்ளிக்கெழமை முடியல” என்று முதலில் குரல் கொடுத்தது ஸலீகா. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே இழுப்பு. மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது படகு! நான் பின்னால் சாய்ந்து விழப்போனேன். கரையில் எழுந்த கூச்சலில் மோட்டார்ச் சத்தமே கேட்கவில்லை. சின்னத்தீவுவரை போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தேன். ஒரு ஆளிடமும் இடம் கேட்காமல் அந்தத் தண்ணீரைத் தாண்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நேற்று நம் காய் நூற்றிருபதும் நம் வாசலில் இறங்கியது. ஸலீகா விறகெடுக்க என்னோடு வந்தாள்.

இன்று காலை மச்சான் வாசலில் நின்று இருமினார். அவர் மோட்டார் காலையில் மட்டும் கிளம்ப மறுக்கிறதாம். “நேரம் இருந்தா ஒரு பார்வை பாக்குறியா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார். நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன்.

இன்னும் ஒரு வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடட்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். முடிவு உங்களுடையது. நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களைக் கொண்டுவரும் கப்பல் வெளியே நங்கூரம் போட்டதும், எந்தப் படகு வந்து கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பெட்டியோடு அங்கேயே நில்லுங்கள். நான் வருவேன். அந்த நாளை அல்லாஹ் சீக்கிரம் கொண்டுவரட்டும்.

உங்கள்
ஹவ்வா