ஓடையின் தரை தெரியட்டும்

ஏப்ரல் 11
மழை பெய்து மாதக்கணக்காகிறது. பின்பக்கத்து மேட்டில் புதரெல்லாம் மொறுமொறு என்று நிற்கிறது. தீப்பிடித்தால் எங்கள் வரிசை வீடுகள்தான் முதலில் என்று தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து எச்சரித்தார்கள். வெட்டி, தூரமாகக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரர்தான். தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 14
வெட்டியதையெல்லாம் எங்கே போட்டார்கள்? எங்கள் பின்சுவரை ஒட்டிய ஓடையில்.

"லாரிக்கு எங்க போறது? ஓடை சும்மாதானே கெடக்கு. அதுல தண்ணி வந்து எத்தனை வருஷமாச்சு?" என்கிறார் இவர்.

மாடியில் குடியிருப்பவரே லாரி டிரைவர். வண்டி நிறுத்துகிற சண்டைக்கு அப்புறம் அவரிடம் கேட்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஓடையோரத்து அறையில் படுத்திருப்பது யார்? என் மாமனார். இவரைப் பெத்த அப்பா. பக்கவாதம் வந்ததிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. தீ வந்தாலும் தண்ணி வந்தாலும் முதல்ல அவருக்குத்தான். இது கூடவா தோணாது?

ஏப்ரல் 15
இவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாமா அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மே 2
எவனோ சிகரெட்டை எறிந்திருக்கிறான். ஓடை நெடுக, திரி மாதிரிப் பற்றிக்கொண்டது. மாமா அறையின் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. டிரைவர் அண்ணன்தான் ஓடிவந்து அவரை அலாக்காகத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோனார். ஒருவழியாக அணைத்தாயிற்று.

தீ மேட்டுக்கு ஏறவில்லையாம். அதற்குச் செயலாளருக்குப் பாராட்டு. எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

மே 6
பாதி எரிந்த கட்டைகள் அப்படியே கிடக்கின்றன. "ஆறட்டும், எடுத்துடலாம்" என்றார். இன்னுமா ஆறவில்லை?

தீப்பிடித்த அன்று மேட்டில் பீய்ச்சிய தண்ணீரைப் பார்த்தேன். காய்ந்து இறுகிய மண்ணில் இறங்கவே இல்லை, சிமெண்ட் தரையில் ஊற்றியது போல வழிந்து ஓடியது. மழை வந்தாலும் இப்படித்தானே என்றேன்.

"மழை வந்தாக் கூட குத்தம் கண்டுபிடிப்பியா நீ?"

மே 19
வானம் கறுத்துவிட்டது. இவரைக் கேட்கவில்லை. டிரைவர் அண்ணன் தலைப்பக்கம், நான் கால்பக்கம் — மாமாவை மாடிக்கு ஏற்றிவிட்டோம். அண்ணன் மனைவி கூடத்தையே ஒழித்துக் கொடுத்தார்.

இவருக்கு மானம் போய்விட்டதாம். "செயலாளர் வீட்டுலயே நம்பிக்கை இல்லன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

நல்லா சிரிக்கட்டும்.

மே 20
பெய்தது கொஞ்ச நேரம்தான். மேட்டில் ஒரு சொட்டும் நிற்கவில்லை. கட்டைகள் மொத்தமும் போய், ஓடையைக் கடக்கும் சின்னப் பாலத்தின் அடியை அடைத்துக்கொண்டன. கரித்தண்ணீர் மாமா அறைக்குள் ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால் கட்டில் குப்புறக் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார் இவர்.

உங்கப்பா அதுல இருந்திருந்தா? கேட்டே விட்டேன்.

மே 22
சங்கக் கூட்டத்தில் 'இயற்கைச் சீற்றம்' என்று பேசிக்கொண்டார்களாம். இயற்கையா வந்து கட்டையக் கொட்டுச்சு? இவர் வாயைத் திறக்கவில்லை என்று டிரைவர் அண்ணன் சொன்னார்.

அறை காய்ந்துவிட்டது. மாமா இறங்க மாட்டேன் என்கிறார். நாக்கு குழறினாலும் சொல்வதில் குழப்பமில்லை.

"ஓடையோட தரை என் கண்ணுல படட்டும், எறங்குறேன். அதுவரைக்கும் செயலாளர் ஐயா மேல வந்து என்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

மே 25
இவர் லீவு போட்டுவிட்டு ஓடையில் இறங்கியிருக்கிறார். முழங்கை வரை கரி. சாயங்காலம் மாடிப்படியில் நின்று, "அண்ணே, லாரி கெடைக்குமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஏப்ரலிலும் அதே படிதான், அதே லாரிதான். ஆத்திரமாக வருகிறது.

ஜூன் 3
மாமாவை மாடி ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்தோம். ஓடையில் மணல் தெரிந்தது. பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

டிரைவர் அண்ணன் தூக்க வந்தார். மாமா கைகாட்டி நிறுத்தினார். "அவன் தூக்கட்டும்."

இவர் குனிந்து தூக்கினார். மாமா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "பாத்துடா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் இவர் "சரிப்பா" என்றார்.

நானும் ஏப்ரலிலிருந்து அந்தப் 'பாத்து'வைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.