பதினொரு சீட்டும் ஒரே கையெழுத்தும்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் எழுதச் சொல்கிறேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். இருமல் விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடாமல் போகாதே.

உங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை எழுதிப் போட வேண்டும், அலமாரியை ஒரு சாண் இறக்கச் சொன்னதற்கு மேனேஜரே வந்து நன்றி சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அதை எங்கள் வரிசையில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. போன மாதம் எங்கள் ஸ்விட்ச் கம்பெனியிலும் ஒரு மஞ்சள் பெட்டியை மாட்டினார்கள், வெளிநாட்டில் இப்படித்தான் உற்பத்தி கூடுகிறதாம், நீங்களும் எழுதுங்கள் என்றார் சூப்பர்வைசர். எங்களில் பாதிப் பேருக்கு எழுத வராது, மீதிப் பேருக்குப் பயம். என் மகள் எழுதித் தருவாள் என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். பதினொரு பேர் சொன்னதையும் மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தேன், சின்னவள் முத்து முத்தாக எழுதினாள், நானே பெட்டியில் போட்டேன். என்னுடைய யோசனை, ஸ்பிரிங் தட்டை இடப்பக்கம் வைத்தால் கை குறுக்கே போக வேண்டாம் என்பது. சூப்பர்வைசர் வராத அன்று வைத்துப் பார்த்தேன், மணிக்கு நாற்பது ஸ்விட்ச் கூடுதலாக வந்தது.

பெட்டியைத் திறந்தால் எல்லாச் சீட்டிலும் ஒரே கையெழுத்து. யாரோ பின்னால் இருந்து தூண்டிவிடுவதாக எங்கள் மேனேஜருக்குப் பட்டுவிட்டது. என்னைக் கூப்பிட்டு, யாரும்மா உங்க தலைவர், திங்கக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லேன்னா வேலைக்கு வராதே என்றார். ஸ்கூல்ல படிக்கிற என் பொண்ணு சார் என்றேன். கதை விடாதே, இது சின்னப் பொண்ணு கையெழுத்தா என்றார். ஸ்பிரிங் தட்டு சார் என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு சீட்டையாவது படித்தாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள், ஊசிவெடி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே அவள், உன் பொண்ணு கொஞ்சம் கிறுக்கி இருக்கக் கூடாதாக்கா என்கிறாள்.

பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு நானே கம்பெனிக்கு வருகிறேன் என்கிறாள் சின்னவள். அந்த மேனேஜரின் மேஜைக்கு முன்னால் அவளை நிறுத்த மனசு வரவில்லை, நிறுத்தாமல் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. உன் மேனேஜரை விட்டு இங்கே ஒரு வார்த்தை எழுதச் சொல்லலாமா என்று கேட்கிறாள். அதெல்லாம் வேண்டாம், அங்கே நீ இருக்கிற இருப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. பதில் போடும்போது தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது. மேனேஜர் சொன்னதை நான் வந்து சொன்ன அன்றிலிருந்து பள்ளிக்கூட நோட்டில்கூட வேண்டுமென்றே கோணலாக எழுதுகிறாள். இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நேரா எழுதுடி என்றால் கேட்கவில்லை, நீயாவது சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா